கண்ணாடித் துண்டும் நவரை நடவும்

பூந்தமல்லியைத் தாண்டி திருமழிசை, வெள்ளவேடு வழியா திருவள்ளூர் ரோட்டுல போறப்ப கொஞ்சம் தலையைத் தூக்கி மின்கம்பங்களைப் பாருங்க. கரண்டு கம்பிக்குக் கீழே நாலஞ்சு கறுப்புக் கேபிள் ஓடும். சில கம்பத்துல அந்தக் கேபிளையே மாட்டுக் கயிறு சுருட்டற மாதிரி வளையமா சுருட்டிக் கட்டி வெச்சிருப்பாங்க. பக்கத்துல ஒரு கறுப்பு உருளை தொங்கும். பெரிய சைஸ் ஃபிளாஸ்க்கைத் தலைகீழா கட்டினாப்பல இருக்கும். எங்க ஊர்ல ஒரு பெரியவர் அதைக் கேமரான்னே ரொம்ப நாளா நம்பிட்டிருந்தார். அதுக்குக் கீழ நின்னு பீடி பிடிக்க மாட்டார்.

அது கேமரா இல்ல. இன்டர்நெட் கேபிளோட முடிச்சு. உங்க போன்ல படம் ஓடறது, நான் நெல்லு கொள்முதல் நிலையத்துக்குப் பதிவு பண்றது, எல்லாம் ஏதோ ஒரு எடத்துல இப்படி ஒரு உருளைக்குள்ள புகுந்துதான் வரணும். நெட்டு காத்துல வருதுன்னுதான் நிறைய பேருக்கு நினைப்பு. டவர்ல இருந்து நம்ம கை வரைக்கும் காத்து. பல டவருக்குக் கண்ணாடி இழைதான்.

அப்படி ஒரு உருளை என் கழனி வரப்பு ஓரத்துக் கம்பத்துலயும் தொங்குது. ஏழெட்டு வருஷமா அதைப் பார்த்துட்டு இருக்கேன். அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் அக்கா மகன். அம்பத்தூர் ஐடிஐ-ல எலக்ட்ரீஷியன் படிச்சான். மோட்டார் சுத்தற வேலைக்குப் போவான்னு பார்த்தேன். அவன் கண்ணாடி ஒட்டற வேலைக்குப் போயிட்டான். 'ஸ்பிளைசர்'னு பேரு. ஒரு ஜாயிண்ட்டுக்கு இவ்வளவுன்னு கணக்குப் பண்ணிக் காசு.

ஒரு நாள் மத்தியானம் என் வரப்புல உட்கார்ந்துதான் அவனும் இன்னொரு பையனும் அந்த உருளையைக் கழட்டினாங்க. வேலை ஆவற வரைக்கும் நானும் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தேன். முதல்ல கம்பத்துல சுருட்டி வெச்ச வளையத்தை அவுத்தாங்க. அது எதுக்குன்னு அப்பதான் புரிஞ்சுது. கேபிளை மிச்சம் விட்டு சுருட்டி வெச்சாத்தான் உருளையைக் கீழ இறக்கி, தரையில உட்கார்ந்து வேலை செய்ய முடியும். ஏணி மேல நின்னுகிட்டு செய்யற வேலை இல்ல அது.

உருளையோட அடியில ஒரு வளையம். அதைக் கழட்டினா மேல் மூடி குடை மாதிரி வந்துடுது. நடுவுல ரப்பர் வாஷர். தண்ணி போகாம இருக்கறதுக்கு. உள்ள ஒண்ணு மேல ஒண்ணா பிளாஸ்டிக் தட்டு, புஸ்தகத்தோட பக்கம் மாதிரி திருப்பலாம். ஒவ்வொரு தட்டுலயும் இழைங்க வட்டமா சுத்தி வந்து நடுவுல வரிசையா படுத்திருக்கு. முறுக்கு சுத்தற பொம்பளைங்க கூட அவ்வளவு சீரா சுத்த மாட்டாங்க.

"ஏன்டா இவ்ளோ பெருசா சுத்தி வெச்சிருக்கீங்க, இறுக்கி வெச்சா பொட்டி சின்னதா போயிடுமே"ன்னு கேட்டேன்.

"மாமா, மூணு சென்டிமீட்டருக்குக் கீழ மடக்கினா லைட்டு வெளிய கசிஞ்சுடும். உடையவே வேணாம், மடங்கினாலே போதும்"னான்.

வாய்க்கால் திரும்பற எடத்துல கரை மேல தண்ணி ஏறி வழியற மாதிரின்னு எனக்குப் பட்டுது. கிட்டத்தட்ட அப்படித்தான்னு அவனும் ஒத்துக்கிட்டான்.

இழைக்கு நிறம் இருக்கு. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், அக்வான்னு பன்னெண்டு. இந்த வரிசை மாறாது. நாம அசுவினி, பரணி, கார்த்திகைன்னு ஒப்பிக்கற மாதிரி அவன் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவான். பன்னெண்டுக்கு மேல போனா இழையை எல்லாம் குழாய் குழாயா பிரிச்சு, குழாய்க்கும் அதே நிறம், அதே வரிசை. நீலக் குழாய்ல பச்சை இழைன்னா மூணாவது இழை, அவ்ளோதான். எத்தனை ஊர் தாண்டிப் போனாலும் அந்தப் பக்கம் இருக்கறவன் அதே பச்சையைத்தான் எடுப்பான்.

அந்த நிறமெல்லாம் மேல் பூச்சு. அதை உரிச்சா உள்ள இருக்கறது சுத்தமான கண்ணாடி. 125 மைக்ரான் கனம், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல எட்டுல ஒரு பாகம். அதுக்கு நடுவுலதான் வெளிச்சம் போற பாதை, அது வெறும் ஒன்பது மைக்ரான். இந்தப் பக்கத்து ஒன்பதும் அந்தப் பக்கத்து ஒன்பதும் நேருக்கு நேர் நிக்கணும். மனுசன் கையால ஆகற காரியமா இது?

அதுக்குத்தான் மிஷின். டிபன் பாக்ஸ் சைஸ்தான் இருக்கு, விலை என்னவோ லட்சத்துல. சின்னப் பசங்க வாடகைக்கு எடுத்துதான் பொழைக்கறாங்க. வேலை எப்படின்னா, முதல்ல ஸ்ட்ரிப்பரால மேல் பூச்சை உரிக்கணும். ஸ்பிரிட்டு நனைச்ச துணியால துடைக்கணும். அப்புறம் 'கிளீவர்'னு ஒரு சின்ன வெட்டுக் கருவி. அது வெட்டறது இல்ல, ஒரு கீறல் போட்டு முறிக்குது. முறிஞ்ச முகம் செங்குத்தா இருந்தாத்தான் ஒட்டு நிக்கும். ரெண்டு முனையையும் மிஷின்ல வெச்சு மூடினா உள்ள தானா நகர்ந்து நேரா நின்னுக்குது. சட்டுனு ஒரு மின்பொறி. ரெண்டும் உருகி ஒண்ணாயிடுது. திரையில எவ்வளவு வெளிச்சம் வீணாகும்னு ஒரு கணக்கு வரும். 0.02 டெசிபல் வந்தா அவன் முகத்துல சிரிப்பு. 0.1 தாண்டினா உடைச்சுட்டு மறுபடியும் முதல்ல இருந்து.

மாங்கன்னு ஒட்டுக் கட்டறவங்களுக்கு இது புதுசா தெரியாது. அங்கயும் பிளேடு ஒரே இழுப்புல போகணும், வெட்டின முகத்துல விரல் படக்கூடாது, பட்டை பட்டையோட சேரணும், கட்டின எடத்துல தண்ணி போகக்கூடாது. இங்க பாலித்தீன் கட்டுக்குப் பதிலா ஒரு சின்னக் குழாய். ஒட்டறதுக்கு முன்னாடியே அதை இழையில கோத்து வெச்சுடணும், மறந்தா போச்சு. ஒட்டின எடத்துக்கு நகர்த்தி அதே மிஷின்ல சூடு காட்டினா சுருங்கிப் பிடிச்சுக்குது. உள்ள ஒரு மெல்லிய இரும்புக் கம்பியும் இருக்கு, ஒட்டு வளையாம இருக்கறதுக்கு. எலும்பு முறிஞ்சா வெச்சுக் கட்டற மூங்கில் சிம்பு மாதிரி.

இந்த யோசனை எங்கிருந்து வந்துச்சுன்னு அவன்தான் சொன்னான், அப்புறம் நானும் தேடிப் படிச்சேன். வெளிச்சத்தைக் கண்ணாடி இழைக்குள்ள வளைச்சு அனுப்பறதுல முன்னோடி பஞ்சாப்ல மோகாவுல பிறந்த நரிந்தர் சிங் கபானி. தொலைதூரம் அனுப்பலாம், கண்ணாடியில இருக்கற அழுக்குதான் தடை, அதை நீக்கினா போதும்னு 1966-ல எழுதினவர் சார்லஸ் காவ். அவருக்கு 2009-ல நோபல் கிடைச்சுது, கபானிக்குக் கிடைக்கல. அதுல எனக்கு வருத்தம் உண்டு. எப்படியோ, மணலை உருக்கின கண்ணாடி இன்னைக்குக் கடலுக்கு அடியில கூட போகுது. 2020 ஆகஸ்ட்ல சென்னையில இருந்து அந்தமானுக்குத் தொடங்கி வெச்ச கேபிள் மட்டுமே சுமார் 2,300 கிலோமீட்டர்.

அம்பத்தூர் எஸ்டேட்ல நான் சின்ன வயசுல பார்த்தது லேத்து பட்டறையும் சைக்கிள் கம்பெனியும். இப்ப அங்க டேட்டா சென்டர் கட்டடங்க நிக்குது. என் அக்கா மகன் கொஞ்ச நாள் அப்படி ஒண்ணுல வேலை பார்த்தான். ஏசி ரூமுக்குள்ள அலமாரி அலமாரியா ரேக்கு. கேபிள் வந்து முடியற எடத்துல தட்டு தட்டா 'பேட்ச் பேனல்'. இழையை அங்க ஒட்டி, முகப்புல சொருகற மாதிரி பண்ணி வெச்சிருப்பாங்க. அங்கிருந்து மஞ்சக் கலர் பேட்ச் கார்டு மிஷினுக்குப் போகும். சொருகற முனையில நீலம் இருக்கு, பச்சை இருக்கு. பச்சையோட முகம் எட்டு டிகிரி சாய்வா தேய்ச்சது, நீலத்துது நேர். பச்சையைப் பச்சையோடதான் சேர்க்கணும். மாத்திச் சொருகினா வெளியில பார்க்கறப்ப நல்லா பொருந்தினாப்பல தெரியும், உள்ள ரெண்டு முகமும் சேராது. லைட்டு திரும்பி அடிக்கும். கேபிளைக் கட்டறதுக்கு நைலான் டேக் போட விட மாட்டாங்களாம், ஒட்டற துணிப் பட்டைதான். நைலானை இறுக்கினா இழை நசுங்கும். அங்க குப்பைக்கும் தனி டப்பா. வெட்டின கண்ணாடித் துண்டு ஒண்ணு தரையில கிடந்தாலும் சூப்பர்வைசர் கத்துவாராம்.

கடைசியில சொன்னது பாருங்க, அதுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எல்லாம் மிதந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எங்க பக்கம் மரம் விழுந்து கேபிள் பல எடத்துல அறுந்துடுச்சு. என் வரப்பு கம்பத்து உருளையும் கேபிளோட இழுபட்டு கால்வாய்த் தண்ணிக்குள்ள கிடந்துச்சு. மழை விட்டதும் ஒரு கம்பெனியோட ஆளுங்க வந்தாங்க. பேரு வேணாம். என் அக்கா மகன் இல்ல, வேற பசங்க. ராத்திரி பகலா வேலை. நாலு பசங்க, ஒரு தார்ப்பாய், ஒரு பேட்டரி விளக்கு. பாவம், ஈரத்துலயே உட்கார்ந்து ஒட்டினாங்க. என் பொண்டாட்டி டீ போட்டுக் கொடுத்தா. ரெண்டு நாளைக்கப்புறம் ஊருக்கு நெட்டு வந்துச்சு. எல்லாருக்கும் சந்தோஷம்.

ஜனவரியில நவரைக்கு சேடை ஓட்டி நடவு வெச்சேன். நடவு ஆளுங்கள்ல மூத்தவங்க ஒரு அக்கா, அறுபதைத் தாண்டினவங்க. நாத்துக் கட்டை வாங்க வரப்பு மேல ஏறினவங்க அப்படியே உட்கார்ந்துட்டாங்க.

"முள்ளா அக்கா?"ன்னேன்.

"முள்ளுன்னா எனக்குத் தெரியாதா தம்பி? குத்துது, கைக்குத் தட்டுப்பட மாட்டேங்குது. தொட்டா உசுரு போவுது."

கழுவிப் பார்த்தோம். ரத்தம் கூட இல்ல. ஊசி எடுத்து நோண்டிப் பார்த்தாங்க, ஒண்ணும் தெரியல. சாயங்காலம் கால் வீங்கிடுச்சு. அப்பதான் எனக்குச் சந்தேகம் வந்து அக்கா மகனுக்குப் போன் போட்டேன். வேலையை விட்டுட்டு பைக்ல வந்தான். ஒரு லென்ஸ், ஒரு இடுக்கி, செல்லோ டேப். டார்ச்சை நேரா அடிக்காம தரைமட்டத்துக்குப் பக்கவாட்டுல அடிச்சான். பாதத்துல ஒரு பொட்டு மின்னுச்சு. ஊசியில நோண்டினா உள்ளயே உடையும்னு சொல்லிட்டு, டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்து, கடைசியா இடுக்கியால இழுத்தான். கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு துண்டு, ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது. இன்னொரு துண்டு உள்ளயே நின்னுடுச்சு. அதுக்கு அடுத்த நாள் ஆஸ்பத்திரி போயி கீறி எடுக்க வேண்டியதாயிடுச்சு.

"மாமா, இது எங்க ஆளுங்க வேலை"ன்னு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டான்.

கணக்குப் போட்டுச் சொன்னான். 24 இழை கேபிள்னா ஒட்டறதுக்கு 48 முனை. ஒவ்வொரு முனையிலயும் கிளீவர் ஒரு துண்டை முறிச்சுத் தள்ளும், ஒன்றரை, ரெண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு. ஒட்டு சரியில்லன்னு திரும்பப் பண்ணினா இன்னும் ரெண்டு. அந்த ராத்திரி இருட்டுல, ஈரத்துல எத்தனை தடவை பண்ணினாங்களோ. கிளீவர்லயே துண்டு விழறதுக்கு ஒரு குட்டி டப்பா வரும். அது நிறைஞ்சா கொட்டணும், உடைஞ்சா மாத்தணும். அந்தப் பசங்க தார்ப்பாயை என் வரப்புல உதறிட்டுப் போயிட்டாங்க.

அது மக்காது. இரும்புன்னா துருப் பிடிச்சுப் போயிடும், முள்ளுன்னா ரெண்டு மழையில மட்கிடும். இது கண்ணாடி. பத்து வருஷம் கழிச்சும் அதே கூர்மையோட இருக்கும். காந்தத்துலயும் ஒட்டாது. நானும் என் பையனும் அந்தக் கம்பத்தைச் சுத்தி வரப்பு மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வழிச்சு நாலு சிமெண்டுக் கோணியில கட்டி எடுத்தோம். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு. அந்தக் கம்பத்தை ஒட்டி ரெண்டு பாத்தியில அந்தப் போகம் நடவே வைக்கல. வெறுங்கால்ல இறங்கச் சொல்ல எனக்கு மனசு வரல.

கேபிள்ல தொங்கற பட்டையில ஒரு நம்பர் இருந்துச்சு. போட்டேன். அந்தப் பொண்ணு மரியாதையாத்தான் பேசிச்சு. "உங்க கஸ்டமர் ஐடி சொல்லுங்க சார்"னுச்சு. நான் கஸ்டமர் இல்லம்மா, உங்க கம்பம் நிக்கற கழனிக்காரன்னேன். ஐடி இல்லாம கம்ப்ளெயின்ட் எடுக்க முடியாதுன்னுடுச்சு. மூணு தடவை போட்டேன், மூணு தடவையும் அதே பாட்டு. அந்த அக்காவுக்கு அஞ்சு நாள் கூலி போச்சு. அதுல என்னால ஆனதை நான் கொடுத்தேன். கம்பெனி கொடுக்கல, கொடுக்க யாரும் இல்ல. வேலையை ஒருத்தன் எடுத்து இன்னொருத்தனுக்கு விட்டு, அவன் இன்னொருத்தனுக்கு விட்டு, கடைசியில தினக்கூலிப் பையன் கையில வந்து நிக்குது. அவனைப் போய் நான் என்னன்னு கேக்கறது?

கேட்டேன், ஆனாலும். அந்த வருஷம் சித்திரையில மறுபடியும் ஏணி தூக்கிக்கிட்டு வந்தாங்க. ரோட்டு ஓரமா உட்கார்ந்து செய்ங்க, துண்டை எல்லாம் பாட்டில்ல போட்டா வேலை செய்ய விடறேன், இல்லன்னா வேணாம்னு சொல்லிட்டேன். கூட வந்த லீடருக்குக் கோபம். "ஊர்ல வேற யாரும் இப்படிக் கேக்கல, நீங்க ஒருத்தர்தான் கேக்கறீங்க"ன்னார். அப்ப அந்தச் சின்னப் பையன், இருபது வயசு இருக்கும், விரலை நீட்டிக் காட்டினான். கட்டை விரல் நுனியில கறுப்பா ஒரு புள்ளி. "போன மாசம் ஏறினது நைனா, இன்னும் உள்ளதான் இருக்கு"ன்னான். அவங்க சோறு தின்னது அதே தார்ப்பாய் மேல உட்கார்ந்துதான். கண்ணுல பட்டா என்ன, சோத்துல விழுந்து வயித்துக்குள்ள போனா என்ன? என் அக்கா மகன் வேலை சட்டையைக் குழந்தை துணியோட சேர்த்துத் துவைக்க அவன் பொண்டாட்டி விடறது இல்ல. அது ஏன்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

நான் ஒரு மாம்பழ ஜூஸ் பாட்டில் எடுத்தாந்து கொடுத்தேன். மூடியில ஓட்டை போட்டு, உள்பக்கம் டேப் ஒட்டி. அக்கா மகன் சொல்லிக் கொடுத்தபடி. முறிஞ்ச துண்டை டேப் நுனியில ஒத்தி எடுத்து உள்ள போட்டானுங்க. கூடுதலா எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நினைக்கறீங்க? ஒரு டீ குடிக்கற நேரம் கூட ஆகல. லீடரும் கடைசியில ஒண்ணும் சொல்லல, போறப்ப அவரே பாட்டிலை ஆட்டிப் பார்த்தார்.

எங்க பஞ்சாயத்து ஆபீஸ்லயும் இப்ப ரேக்கு வந்திருக்கு. மத்திய அரசு 2011-ல ஆரம்பிச்ச திட்டம், அப்புறம் பாரத்நெட்டுனு பேரு மாத்தினாங்க. நம்ம மாநிலத்துல அதைச் செய்யறது டான்பிநெட், 12,525 கிராம ஊராட்சிக்கும் கண்ணாடி இழை கொண்டு போறது கணக்கு. பெரும்பாலும் மின்கம்பத்து மேலயேதான். அப்படின்னா எத்தனை உருளை, எத்தனை ஒட்டு, எத்தனை துண்டுன்னு நீங்களே பெருக்கிப் பார்த்துக்கங்க. நான் நெட்டு வேணாம்னு சொல்ற ஆள் இல்ல. சிட்டா எடுக்கறது, பயிர்க் காப்பீடு, நெல்லு போட டோக்கன், எதுக்கும் இப்ப திருவள்ளூர் போய் வரிசையில நிக்கத் தேவையில்ல. என் பையன் ஊர்ல இருந்தே வேலை பார்க்கறான்னா அந்த இழைதான் காரணம். ரேக்குல எங்க ஊராட்சி எழுத்தர் செருப்பும் குடையும் வைக்காம இருந்தா இன்னும் நல்லா ஓடும், அது வேற கதை.

டெண்டர்ல எவ்வளவு கிலோமீட்டர், எத்தனை நாள்னு எல்லாம் எழுதறாங்க. வெட்டின துண்டை அடைச்சுத் திருப்பிக் கொண்டுவந்து காட்டினாத்தான் பில்லுன்னு ஒரு வரி சேர்த்தா என்ன? ஆளுக்கு ஒரு டப்பா. அந்த டப்பா விலை அவங்க ஒட்டற ஒரு ஜாயிண்ட் கூலிக்கு வருமா? இதைப் படிக்கறவங்கள்ல கேபிள் கம்பெனியில, டேட்டா சென்டர்ல வேலை பார்க்கறவங்க கண்டிப்பா இருப்பீங்க. உங்க ஏசி ரூம்ல இருக்கற சட்டம் எங்க வரப்புக்கும் பொருந்தும்னு மேல இருக்கறவங்க கிட்ட சொல்லுங்க.

அந்த அக்கா இந்த வருஷமும் நடவுக்கு வந்தாங்க. கம்பத்துப் பக்கம் மட்டும் போகல, நானும் கூப்பிடல. பாட்டில் இப்ப முக்கால்வாசி நிறைஞ்சு பம்புசெட் ரூம் பரண் மேல இருக்கு. வெயில் பட்டா உள்ள வெள்ளி முடி மாதிரி மின்னுது. அந்த நாலு கோணி மண்ணும் அங்கதான் ஓரமா கிடக்கு. எங்க கொண்டுபோய்ப் போடணும்னு பஞ்சாயத்துல கேட்டேன், குப்பை வண்டியில போடுங்கன்னாங்க. குப்பையைக் கையால பிரிக்கறதும் எங்க ஊர்ப் பொம்பளைங்கதான். அதனால அது இன்னும் அங்கயே இருக்கு.